மூடிப்போன பிளாகும் நான் வெட்டிய பெயரும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஐந்தும் படித்தன. நான் படிக்கவில்லை. புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழைக் கூட்டிப் படிப்பேன். மெதுவாக எழுதுவேன். தெலுங்கு எழுத்து, வேலைக்குப் போன இடத்தில் சுவர் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்தது.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கூட்டுகிற வேலைக்குப் போனேன். பிறகு வார்டு ஆயா. கடைசிப் பத்து வருடம் அட்மிஷன் ஹாலில் அட்டெண்டர். எந்த ஜன்னலில் எந்தக் காகிதம், எந்த நாளில் எந்த டாக்டர், எந்த வராந்தா வழியாகப் போனால் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடிக்காமல் திரும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புதிதாக வந்த டாக்டர்களும் ராஜம்மாவைக் கேளு என்றுதான் ஆள் அனுப்புவார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேறு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

இதை நான் போனில் பேசுகிறேன். போன் எழுதிக்கொள்கிறது. அதைப் புத்தகத் தமிழுக்குத் திருத்துகிறவள் என் பேத்தி நிர்மலா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் பேசியபடியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

பிளாக் எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பிளாக் நம்முடையது என்று நினைக்கிறோம். அது நிற்கிற இடம் வேறொரு கம்பெனியுடையது. அவர்கள் மூடினால் மூடியதுதான். என்னுடையதை ஒரு முறை மூடினார்கள்.

பிளாக் வந்த விதம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் புத்தூருக்கு வந்த பிறகும் போன் ஓயவில்லை. நகரி, சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கமெல்லாம் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும், வயதானவர்கள் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும். ஆஸ்பத்திரி போர்டெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. யாரோ யாருக்கோ என் நம்பரைக் கொடுப்பார்கள்.

“அத்த, ஓபி சீட்டு எந்த ஜன்னல்ல குடுக்கறாங்க?”

“அக்கா, கேஸ் ஷீட்ட யாரோ வாங்கிக்கினு பூட்டாங்க, திருப்பித் தரவே இல்ல. இன்னா பண்றது?”

ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்வேன். புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நெட் சென்டர் வைத்திருக்கிற முனிரத்தினம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் பென்ஷன் வேலைக்கெல்லாம் அவனிடம்தான் போவேன்.

“ஆயா, இதையே இன்னா தினம் தினம் பேசிக்கினு இருக்கற? ஒரு பிளாக் போட்டுரு. கேக்கறவங்களுக்கு லிங்க அனுப்பிரு.”

“எனக்கு எழுத வராதுடா.”

“நீ பேசு, போன் எழுதும். பேசறதுக்கு உனக்கு ஆள் வச்சுக் கத்துத் தரணுமா?”

இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு கம்பெனியில் பத்து நிமிடத்தில் திறந்து கொடுத்தான். பெயர் என்ன என்று கேட்டான். ராஜம்மா வார்டு என்றேன். எந்த மெயிலில் திறந்தாய், யார் நம்பர் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு அதே நாளில் நடந்தது. முதல் பதிவு ஓபி சீட்டைப் பற்றியது. முனிரத்தினம் திறந்து காட்டினான். மேலே ஒன்றுமில்லாமல் வெள்ளையாக, நேரே எழுத்தில் தொடங்கியது. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை, புதுமனை, காதுகுத்து எல்லாவற்றிலும் மேலே சாமி இருக்கும். சாமி இல்லாமல் வருகிற காகிதம் கருமாதிப் பத்திரிகை ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கையில் அப்படி ஒன்றையா கொடுப்பேன்?

“சாமி படம் போடு.”

“எந்த சாமி?”

“திருப்பதி ஆஸ்பத்திரிக்கு எந்த சாமிடா போடுவாங்க?”

வீட்டில் ஒரு பெருமாள் காலண்டர் இருந்தது. சித்தூரில் ஓர் அரிசிக் கடையில் கொடுத்தது. முகம் அவ்வளவு நன்றாக இருக்கும். வருடம் முடிந்தும் கழற்ற மனம் வராமல் தேதியை மட்டும் கிழித்துவிட்டு மாட்டியிருந்தேன். அதைப் போனில் படம் எடுத்துப் போட்டோம். மூன்று பதிவு அப்படியே போனது. நாலாவது நாள் அரிசிக் கடைக்காரர் போன் செய்தார். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறார்.

“ஏம்மா, நான் அரிசி விக்கறவன். காலைல இருந்து ஏழு பேரு போன் பண்ணி எக்ஸ்ரே எங்க எடுக்கறாங்கன்னு கேக்கறான். நான் மூட்ட தூக்கட்டுமா, எக்ஸ்ரே எடுக்கட்டுமா?”

படத்துக்கு அடியில் அவர் கடை நம்பர் பெரிதாக இருந்தது. ஜனங்கள் அதை என் நம்பர் என்று நினைத்துவிட்டார்கள். நான் உடனே போனில் விரலை வைத்துப் படத்தின் அடியை இழுத்து வெட்டினேன். கடைப் பெயர் போனது, நம்பர் போனது. வலது மூலையில் குட்டியாகத் தெலுங்கில் ஏதோ நாலு எழுத்து இருந்தது. அதுவும் சேர்ந்து போனது. அது கண்ணில் படாமல் போகவில்லை. கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்தப் பதிவு பேசினாலும் அந்தப் படம் தலையில் இருக்கும். ஐந்து வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று பதிவு.

வரதய்யபாளையத்துப் போன்

ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். வரதய்யபாளையத்திலிருந்து தேவகி என்று ஒரு பெண். முகம் பார்த்ததில்லை. பிளாகைப் படித்துப் படித்து அக்கா என்று பழகியவள். அவள் புருஷனுக்குச் சிறுநீரகத்தில் கல். அன்றைக்கு அட்மிஷன்.

“அக்கா, பஸ்ல கீறோம். இன்னா இன்னா பேப்பர் எடுத்துக்கினு போவணும்னு நீ போட்டிருந்தியே, அது வரவே மாட்டேங்குது. இந்த பிளாக் நீக்கப்பட்டதுன்னு வருது.”

“நெட்டு சரியா இருக்காது. விடு, நான் சொல்றேன், எண்ணிக்கோ.”

சொன்னேன். ஹெல்த் கார்டு, அதற்கு இரண்டு ஜெராக்ஸ், ஆதார், ஸ்கேன் பிலிம், ரெஃபரல் லெட்டர். முப்பத்தொரு வருடம் பார்த்த வேலை. போர்டைப் பார்க்காமல் சொல்கிறவள் நான்.

சாயங்காலம் திரும்ப அழைத்தாள். ரெஃபரல் லெட்டரில், எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியின் ரவுண்டு சீல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீல் வாங்கிக்கொண்டு வருவதற்குள் படுக்கை வேறு ஆளுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வலியோடு அந்த மனிதரை மறுபடி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் என்னைத் திட்டவில்லை.

“பரவால்ல அக்கா. வயசாகுதில்ல, மறந்து பூடும்.”

திட்டியிருக்கலாம். சீல் விஷயம் எனக்குத் தெரியாததா? அதற்கென்று தனியாக ஒரு பதிவே பேசியிருக்கிறேன். அன்று ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எதெதற்கு என்னென்ன காகிதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது. பாதியில் ஜன்னல் நம்பர் வந்தது, காகிதம் வரவில்லை. நான் பேசிப் பேசிப் போனில் ஏற்றியபோது, இனி அது வைத்துக்கொள்ளும் என்று என் தலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவைத்துவிட்டிருக்கிறது. நான் வேலை பார்த்த முப்பத்தொரு வருடம் இப்போது அந்த பிளாகில் மட்டும்தான் இருந்தது. அதைத்தான் மூடியிருந்தார்கள். காகிதத்திலோ, வேறு இடத்திலோ ஒரு நகல் இல்லை.

நாலாயிரம் மெயில்

காலையில் முதல் ஆளாக நெட் சென்டருக்குப் போனேன். முனிரத்தினம் கடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

“மூடினா மெயில் போட்டிருப்பாங்களே ஆயா. இரு, பாக்கறேன்.”

திறந்தான். என் மெயில் இல்லை அது. அவன் மெயில். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து உயிரை எடுக்கிறார்கள் என்று, தெருவில் பாதிப் பேருக்கு அவன் ஒரே மெயிலைத்தான் கொடுத்து வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் நெட் சென்டர்களில் இது வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அவன் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான்.

“இது இன்டர் ஹால் டிக்கெட். இது கேஸ் சிலிண்டர். இது பால்காரர் பொண்ணு பாஸ்போர்ட். அட, இது போன மாசமே வந்துக்கீது, அவங்க வந்து கேக்கவே இல்ல.”

“என்னுது எங்கடா?”

“ஆயா, நாலாயிரம் மெயில் படிக்காம கீது. கோச்சிக்காத.”

மூன்று மெயில் இருந்தது. முதலாவது ஒரு மாதத்துக்கு முந்தியது. உங்கள் பதிவுகளில் உள்ள படம் தங்களுடையது என்று சித்தூரிலுள்ள ஒரு பிரஸ் புகார் செய்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று. இரண்டாவது, எடுக்கவில்லை, கடைசி எச்சரிக்கை என்று. மூன்றாவது, இரண்டு நாளுக்கு முன் வந்தது. நூற்று அறுபத்து மூன்று இடத்தில் மீறியிருப்பதால் பிளாகை மூடிவிட்டோம், மூடிய நாளிலிருந்து முப்பது நாளில் அழித்துவிடுவோம் என்று.

எனக்கு அது ஒரே படம். கம்ப்யூட்டருக்கு அது நூற்று அறுபத்து மூன்று திருட்டு.

முனிரத்தினம் முகம் தெளிந்துவிட்டது. “இதுக்கு ஒரு ஃபாரம் கீது ஆயா. எதிர் மனு. இந்தப் பொட்டில டிக் அடிச்சு அனுப்பிட்டா, அவங்கதான் கோர்ட்டுக்குப் போயி நிரூபிக்கணும். எவன் போவான்? பத்துப் பதினஞ்சு நாள்ல தொறந்துருவாங்க.”

“பொட்டி பக்கத்துல இன்னா எழுதிக்கீது? படி.”

“எல்லாரும் டிக் அடிச்சிட்டு போய்க்கினே இருக்காங்க.”

“படிடா.”

அட்மிஷன் ஹாலில் என் வேலையில் பாதி இதுதான். ஆபரேஷன் ஃபாரத்தை நீட்டினால் ஜனங்கள் பயத்தில் படிக்காமல் கைநாட்டு வைப்பார்கள். நான் மை டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொள்வேன். யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லு, அப்புறம் வை என்பேன். அதற்காக நர்சுகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவன் இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொன்னான். இந்தப் படத்தைப் போட எனக்கு உரிமை இருக்கிறது, தவறுதலாகப் புகார் செய்திருக்கிறார்கள், இது உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன்.

“அந்தப் படம் என்னுதா?”

“சாமி படம் யாருதும் இல்ல ஆயா. பெருமாள் வந்து கேஸ் போடுவாரா?”

“பெருமாள் போட்டுக்கல படத்த. ஒரு மனுசன் ஒக்காந்து போட்டுக்கீறான். அடியில என்னாவோ எழுதியிருந்துச்சு. நான்தான் வெட்டினேன்.”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

அவன் மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். “அப்ப பூடும் ஆயா. இருபத்தெட்டு நாள்தான் கீது. நூத்தி அறுபத்தி மூணும் பூடும். அப்புறம் என்ன வந்து கேக்காத.”

புகாரில் இருந்த சித்தூர் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சித்தூர் பிரஸ்

காலண்டர் வேலை நடக்கிற சமயம். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மை வாசனை மூக்கில் ஏறியது. ஐம்பது வயது இருக்கிற ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்தான் முதலாளி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்.

“ஏம் காவாலம்மா? இன்னா வேணும், ஆர்டரா?”

“ஆர்டர் இல்லைங்க. படம் திருடினதுக்கு வந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. சீட்டை நீட்டினேன். பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“நூத்தி அறுபத்தி மூணு படம்... அது நீங்களா? நான் எதோ ஸ்டிக்கர் கம்பெனின்னு நெனச்சேன்! அதுக்குன்னு ஒரு ஏஜென்சிகிட்ட சொல்லி வச்சிருக்கோம். அவங்க கம்ப்யூட்டர்ல தேடிப் புடிச்சு புகார் குடுத்துடறாங்க. நான் ஒவ்வொண்ணா பாக்கறதில்லம்மா. கூர்ச்சோண்டி, இப்படி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். என்ன பிளாக், யாருக்கு என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப் போனார். சுவரில் அந்தப் படம், அசல், ஓர் ஆள் உயரத்துக்கு. என் வீட்டுக் காலண்டரில் பார்த்த முகம்தான். ஆனால் அதில் பார்த்தது பாதிகூட இல்லை.

“எங்க நைனா, எங்கப்பா போட்டது. முகத்துக்கு மட்டும் மூணு மாசம் ஆச்சு. காசு சேத்து வைக்கல, வீடு கட்டல. இதான் அவரு விட்டுட்டுப் போனது. அதோ, சங்குக்கு நேர் கீழ பாருங்க. எந்தப் படம் போட்டாலும் பேரு அந்த எடத்துலதான் எழுதுவாரு.”

பக்கத்தில் போய்க் கூட்டிப் படித்தேன். தெலுங்கில் நாலு எழுத்து. நா, த, மு, னி.

“ஸ்டிக்கர் போடறவன், கார் கண்ணாடில ஒட்டறவன், அத்தன பேரும் மொதல்ல வெட்டறது அந்த மூலையத்தான். படம் ஊரெல்லாம் கீது. நாதமுனின்னு ஒருத்தரு இருந்தாருன்னு யாருக்குத் தெரியுது?”

அரிசிக் கடை நம்பருக்காகத்தான் வெட்டினேன் என்று நடந்ததைச் சொன்னேன். எக்ஸ்ரே எங்கே என்று கேட்டதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“உங்க பிளாகுக்கு இன்னா பேரு?”

“ராஜம்மா வார்டு.”

“உங்க பேரு மேல பெருசா கீது. எங்க நைனா பேரு மட்டும் இடிச்சுதாம்மா?”

ஆஸ்பத்திரியில் நான் பார்த்த வேலைக்கு எங்கேயும் என் பெயர் இல்லை. அட்மிஷன் புத்தகத்தில் டாக்டர் பெயர் இருக்கும், நர்ஸ் பெயர் இருக்கும். ஆளைத் தூக்கி வைத்தவள் பெயர் இருக்காது. அந்த ஆற்றாமையில்தான் பிளாகுக்கு என் பெயரையே வைத்தேன். அதே கையால் இன்னொருவர் பெயரை வெட்டியிருக்கிறேன்.

“தப்புதாங்க” என்றேன். “பிளாக் தொறந்தா ஒவ்வொரு படத்துக்கும் கீழ அவரு பேரு போடறேன்.”

“மொதல்ல பேரு போடுங்க. அப்புறம் புகார வாபஸ் வாங்கறேன்.”

“பூட்டிக் கெடக்கற வீட்டுக்குள்ள எப்பிடிங்க போயி எழுதறது? நீங்க வாபஸ் வாங்கினாதான் தொறப்பாங்க.”

“இதையேதான் எல்லாரும் சொல்றாங்கம்மா. வாபஸ் வாங்கினப்புறம் போனே எடுக்க மாட்டேங்கறாங்க. போன மாசம் ஒருத்தன் பத்துப் படத்த எடுத்துடறேன்னு சொன்னான். இன்னும் அப்படியே கீது.”

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நான் கெஞ்சவில்லை. என் வயதைச் சொல்லவில்லை. தேவகி கதையைச் சொல்லியிருந்தால் மனம் இளகியிருப்பார். அதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருக்கும். ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக்காரர் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆள் வருவதற்குள் உயிர் போகிற கேஸ் என்றால், வார்டு சிஸ்டர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுக்கு ரத்தம் வரும்.

“ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க” என்றேன். “எழுதிக் குடுக்கறேன்.”

“நீங்க சொல்லுங்கம்மா, பையன டைப் பண்ணச் சொல்றேன்.”

“வேணாம். என் கையால எழுதறேன்.”

நாலு வரி. அரை மணி நேரம் ஆனது. மிஷின் ஓட்டுகிறவர் நடுவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுதியது இது: “படம் போட்டவர் நாதமுனி. அடியில் இருந்த அவர் பேரை வெட்டினது நான். பிளாக் திறந்த உடனே எல்லாப் படத்திலும் அவர் பேரைப் போடுவேன். போடாவிட்டால் இந்தக் கடுதாசியை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். ராஜம்மா.”

அவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். இரண்டு தரம் படித்தார்.

“படத்த எடுத்துட்டேன்னு எழுதினவங்க உண்டு. தெரியாம நடந்துச்சுன்னு எழுதினவங்க நெறைய உண்டு. வெட்டினது நான்னு யாரும் எழுதினது இல்லம்மா.”

அந்தக் காகிதத்தை மடிக்காமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். என் முன்னாலேயே ஏஜென்சிக்குப் போன் செய்தார்.

திறந்த பிறகு

உடனே திறந்துவிடவில்லை. ஏஜென்சி எழுத ஆறு நாள். பிளாகுக்கு இடம் கொடுத்த ஹோஸ்டிங் கம்பெனி அதைப் பார்க்க இன்னும் சில நாள். அப்புறம் ஒரு மெயில் வந்தது, கணக்கின் உரிமையாளர் பதில் போடட்டும் என்று. உரிமையாளர் யார் என்று பார்த்தால் முனிரத்தினம். ஐந்து வருடம் பிளாகில் என் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கில் நான் இல்லை. அவன் நல்லவன், உடனே பதில் போட்டான். அவன் கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மூடிய பத்தொன்பதாம் நாள் திறந்தது. நூற்று அறுபத்து மூன்றும் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் நிரந்தரமாக நீக்குவோம் என்று ஒரு வரியும் இருந்தது.

முனிரத்தினம் எல்லாப் படத்துக்கும் ஒரே தட்டில் பெயர் போட்டுவிடலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து, படம் வரைந்தவர் நாதமுனி, சித்தூர் என்று தட்டினேன். ஒன்பது நாள் ஆனது. தட்டும்போது ஒவ்வொரு பதிவையும் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டு பதிவில் ஜன்னல் மாறியிருந்தது, ஒன்றில் நானே தப்பாகச் சொல்லியிருந்தேன். திருத்தினேன். எல்லாம் முடித்து சித்தூருக்கு லிங்க் அனுப்பினேன். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. தேவகியின் புருஷன் அதற்குள் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இனி பிளாக் எழுதுகிறவர்கள் கேளுங்கள். ஹோஸ்டிங் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் நல்ல மனசும் தெரியாது. அவருக்குத் தெரிவது புகார், மெயில், பதில் வந்ததா இல்லையா, அவ்வளவுதான். அதனால் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். திறந்து கொடுப்பவர் சொந்த மகனாக இருந்தாலும் அப்படித்தான். நான் இப்போது தனி மெயில் வைத்திருக்கிறேன். காலையில் காபி குடித்ததும் அதைத் திறந்து பார்ப்பேன். பாஸ்வேர்டை பென்ஷன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதக் கூடாது என்று என் மருமகள் சொல்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நகல் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டுக்கு ரெக்கார்டு ரூமில் இன்னொன்று இருக்கும். மாதம் முதல் ஞாயிறு முழு பிளாகையும் இறக்கி இரண்டு பென்டிரைவில் போடுகிறோம். ஒன்று இங்கே, ஒன்று சந்திரகிரியில் மகள் வீட்டில். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் அது ஒரு நகல்தான்.

முடிந்தால் பிளாகுக்குச் சொந்த விலாசம் வாங்குங்கள், டொமைன் என்கிறார்கள். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு கம்பெனி மூடினாலும் நகலை இன்னொரு கம்பெனியில் ஏற்றி, அதே விலாசத்தை அங்கே திருப்பிவிடலாம். தேடி வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நான் போன வருடம் வாங்கினேன்.

நோயாளி பெயரை எழுதாதீர்கள். மருந்து சொல்லாதீர்கள். ஒரு டாக்டர் மேல் கோபத்தில் ஒரு முழுப் பதிவு பேசி வைத்திருந்தேன், மூன்று நாள் வைத்திருந்து அழித்துவிட்டேன். அதற்கு யாராவது புகார் கொடுத்திருந்தால் அந்த ஒரு பதிவுக்காக மற்ற எல்லாம் போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தவர் படமோ எழுத்தோ எடுக்கிறீர்கள் என்றால் கேட்டு எடுங்கள். அதில் இருக்கிற பெயரைத் தொடாதீர்கள். எதிர் மனு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்தப் படத்தை யாராவது பொய்யாகத் தன்னுடையது என்று சொன்னால், தைரியமாக அதைப் போடுங்கள். உங்கள் மேல் தப்பு இருந்தால் அந்தப் பெட்டியில் டிக் அடிக்காதீர்கள். புகார் கொடுத்தவரைப் போய்ப் பாருங்கள். எனக்கு அவர் வாபஸ் வாங்காமலும் போயிருக்கலாம். அப்படியானால் என் முப்பத்தொரு வருடமும் போயிருக்கும். அப்போதும் டிக் அடித்திருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அந்த இருபத்தெட்டு நாளும் ஓடி முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் பேச்சு இதோடு முடிந்தது. நிர்மலா திருத்தி முடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் சொன்னதையும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

“நிம்மி, மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. அவசரப்படாத, மெதுவாவே படி. சித்தூர்ல நான் எழுதிக் குடுத்த நாலு வரி வரும் பாரு, அங்க ‘வெட்டினது நான்’னு இருக்கணும். ஆயா மேல பாசத்துல அத வேற மாதிரி மாத்தி வச்சிருந்தன்னு வச்சுக்கோ, படிக்கறத அங்கயே நிறுத்திட்டு திருத்து. ம், படி.”